பனியில் ஸ்னோஷூ ஓட்டப் பந்தயம்: தில்லியில் இருந்தபடியே தயாராக முடியுமா?

மயூர்விஹார் மீனா (அக்டோபர் கடைசி வாரம்)

எல்லாருக்கும் வணக்கம். அக்கா குடும்பம் இத்தாலியில் ட்ரென்டோ நகரத்தில் இருக்கிறது. ஜனவரியில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து மலை ரயிலில் வடக்கே போனால் வால் தி நோன் என்று ஒரு பள்ளத்தாக்கு, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே ஃபோண்டோ என்ற ஊரில் 1973-லிருந்து ‘லா சாஸ்போலாடா’ என்ற ஸ்னோஷூ பந்தயம் நடக்கிறது. பனியில் கால் அதிகம் புதையாமல் இருக்க ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் அகலமான சட்டம்தான் ஸ்னோஷூ. ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வரும். ஆயிரக்கணக்கானவர்கள் கலந்துகொள்கிறார்கள். பாதிக்கு மேல் குழந்தை குட்டியோடு நடப்பவர்கள்தானாம், முன்னால் நிற்பவர்கள் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள் என்று அக்கா சொல்கிறாள். தூரம் பத்து கிலோமீட்டருக்குள்தான்.

நான் அரை மாரத்தான் ஓடுகிறவள். இந்த மாதம் தில்லி ஹாஃப் நன்றாகவே போனது. ஆனால் பனி என்றால் சிம்லாவில் ரோட்டோரம் கிடந்ததைக் கையில் அள்ளிப் பார்த்ததோடு சரி. இதை நடந்து முடிக்க எனக்கு விருப்பமில்லை, ஓட வேண்டும். இங்கே எப்படிப் பழகுவது? ஸ்னோஷூ வாங்கிக்கொண்டு போகவா, அங்கே வாடகைக்கு எடுக்கவா? நவம்பர், டிசம்பரில் தில்லிக் காற்றை வைத்துக்கொண்டு பயிற்சி எப்படி?

மலைமந்திர் படிக்கட்டு

மீனா, தாராளமாக முடியும். ஆபீஸ் வேலையாக க்யூபெக் நகரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தேன். அங்கே இது பரவலான விளையாட்டு. நானும் ஓடினேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் காலில் மாட்டுவது. மலையேறுகிறவர்கள் மாட்டும் பெரிய ஸ்னோஷூ வேறு, ஓட்டத்துக்கானது வேறு. இது சுமார் 20 செ.மீ. அகலம், 55-லிருந்து 65 செ.மீ. நீளம். அலுமினியச் சட்டம், நடுவில் இழுத்துப் பொருத்திய தடித்த விரிப்பு, பாதத்தின் முன்பகுதிக்குக் கீழே உலோகப் பற்கள். வழக்கமாக ஓடும் ஷூவையே அதன்மேல் வைத்துப் பட்டையால் இறுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் குறைந்தது 120 சதுர அங்குலப் பரப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பந்தய விதி. சின்னதாக மாட்டிக்கொண்டு யாரும் கூடுதல் வேகம் சம்பாதித்துவிடக் கூடாது என்பதற்காக. நம் ஷூவின் அடிப்பரப்பைப் போல அது மூன்றரை, நான்கு மடங்கு இருக்கும். உடல் எடை அவ்வளவு இடத்தில் பரவுவதால் கால் புதைவது குறைகிறது. அறவே புதையாது என்று நினைக்க வேண்டாம். மிதித்து இறுகிய தடத்தில் விரல் அளவு இறங்கும். புதுப் பனியில் கணுக்காலைத் தாண்டும்.

குதிகால் கட்டப்பட்டிருக்காது. முன்பாதத்தில் ஒரு கீல் மாதிரி இருக்கும். ஓட்டத்துக்கான ஸ்னோஷூவில் அந்த இடம் விறைப்பாக இருப்பதால், காலைத் தூக்கியதும் பின்பகுதியும் சேர்ந்து மேலே சுண்டி எழும். அந்தச் சுண்டலில் பனி வாரி முதுகில் அடிக்கும். கொஞ்ச தூரத்திலேயே முதுகும் இடுப்புக்குக் கீழேயும் நனைந்துவிடும். தண்ணீர் ஏறாத மெல்லிய மேல்சட்டை இல்லாமல் தொடக்கக் கோட்டில் போய் நிற்காதீர்கள்.

அப்புறம், பந்தயத்துக்குள்ளே நடப்பது. ஆரம்பத்தில் அகலமான பாதை இருக்கும், எல்லாரும் பாய்வார்கள். முன்னால் ஓடுகிறவர் கிளப்பும் பனிப்பொடி முகத்தில் அடிக்கும், கண்ணாடி மூடிக்கொள்ளும். பிறகு மரங்களுக்கு நடுவே ஒற்றையடித் தடம். அங்கே முந்த வேண்டுமானால் தடத்தை விட்டு விலகி மிதிபடாத பனியில் இறங்க வேண்டும். இறங்கிய அடுத்த அடியிலேயே நாடித்துடிப்பு எங்கேயோ போய்விடும். முந்திவிட்டுத் தடத்துக்குத் திரும்பியதும் மூச்சு வாங்கும், பின்னால் விட்டவர் அமைதியாக வந்து உங்களை முந்துவார். தெரிந்தவர்கள் இறக்கத்திலோ வளைவிலோதான் முந்துவார்கள், ஏற்றத்தில் யாரும் விலக மாட்டார்கள்.

நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். கடிகாரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். சாலையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் போகிறவருக்கு இங்கே 9 நிமிடம் ஆகலாம், பனி இளகிக் கிடந்தால் அதற்கும் மேலே. காலையில் இறுகியிருந்த தடம் வெயில் ஏறியதும் சர்க்கரை மாதிரி உதிரும். அதே தடத்தில் அதே ஆள் முந்தின நாள் ஓடிய நேரத்தைக்கூட ஒப்பிட முடியாது. மூச்சையும் உழைப்பையும் வைத்து ஓடப் பழகுங்கள். தில்லியில் இருந்துகொண்டு செய்யக்கூடிய பெரிய தயாரிப்பே அதுதான், அதற்குப் பனி தேவையில்லை.

கரோல்பாக் தம்பி

அண்ணா, அருமை. ‘வழக்கமாக ஓடும் ஷூ’ என்றால் சாலை ஷூவா? விரல் உறைந்துவிடாதா?

மலைமந்திர் படிக்கட்டு

ட்ரெயில் ஷூ நல்லது தம்பி, தண்ணீர் புகாததாக இருந்தால் இன்னும் நல்லது. வழக்கத்தைவிட அரை சைஸ் பெரியதாக எடு, கம்பளி சாக்ஸ் போட்டபின்னும் விரலை அசைக்க இடம் வேண்டும். ஷூ இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப்போகும். பருத்தி சாக்ஸ் கூடவே கூடாது. பருத்தி பனியன், பருத்தி டி-ஷர்ட் எதுவுமே வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், நின்ற உடனே குளிர் எலும்புக்குள் இறங்கும். ஷூ வாய்க்குள் பனி போகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர் ஒன்று வாங்கிக்கொள்.

அகிலா பிசியோ

சாலையில் ஓடும்போது இரண்டு பாதமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழும். ஸ்னோஷூ மாட்டினால் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க காலை அகட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் முழங்காலை வழக்கத்தைவிட உயர்த்த வேண்டும், காலில் கூடுதல் எடை வேறு. அதனால் இடுப்பின் முன்பக்கத் தசை, இடுப்பின் வெளிப்பக்கத் தசை, முன்னங்கால் எலும்பை ஒட்டிய தசை மூன்றும் அடிவாங்கும். நிறைய ஓடிப் பழகியவர்களுக்கும் மறுநாள் இடுப்பு மடங்காது.

மீனா, இப்போதிருந்தே வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இதைச் செய்யுங்கள். ரப்பர் பட்டையை முழங்காலுக்குச் சற்று மேலே மாட்டிக்கொண்டு அரைக்குந்தலில் பக்கவாட்டில் நடப்பது. ஒற்றைக் காலில் நின்று மற்ற முழங்காலை இடுப்பு உயரத்துக்கு மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்குவது. சுவரில் முதுகு சாய்த்து, குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதத்தை மட்டும் மேலே இழுப்பது. கடைசியாகச் சொன்னதை யாரும் செய்வதில்லை. ஆனால் முன்பாதம் தொங்கினால் ஸ்னோஷூவின் மூக்கு பனியில் குத்தி ஆள் குப்புற விழுவார். காலில் எடை கட்டிக்கொண்டு ஓடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், முழங்காலுக்குக் கெடுதல். எடை கட்டிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவே.

யமுனா காதர்

பனிக்கு அடுத்தபடி கால் இளகி இறங்குவது மணலில்தான். மயூர்விஹாரில் இருந்துகொண்டு எங்கே பழகுவது என்று கேட்கலாமா மீனா? மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்தபின் யமுனைக் கரையில் ஆங்காங்கே மணல் திட்டு இருக்கும். அதில் மெதுவாக, முழங்காலைத் தூக்கி ஓடுங்கள். தனியாகப் போக வேண்டாம், விடிந்தபிறகு இரண்டு மூன்று பேராகப் போங்கள். தரை சமமாக இருக்காது, கணுக்கால் பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாத நாளில் சஞ்சய் வன் மண்பாதை இருக்கவே இருக்கிறது.

மலைமந்திர் படிக்கட்டு

ஏற்றத்துக்கு என் பெயரே விடை சொல்லும். ஆர்.கே.புரம் மலைமந்திர் படிகளில் ஏறி இறங்குவது எனக்குப் பெரிய உதவி. முருகனைக் கும்பிட வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் பார்த்து, ஓரமாக, சத்தமில்லாமல். சன்னதிக்குப் போகும் படி அது, மைதானம் கிடையாது என்ற நினைப்பு இருக்க வேண்டும்.

கரோல்பாக் தம்பி

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இத்தாலி போக முடிந்தவர்கள் போகட்டும். மற்ற நாம் என்ன செய்வது? காஷ்மீரி கேட்டில் சாயங்காலம் வால்வோ ஏறினால் காலையில் மணாலி. அங்கிருந்து அடல் சுரங்கம் தாண்டினால் லாஹௌல் பள்ளத்தாக்கில் சிஸ்ஸு கிராமம். சுரங்கம் 9.02 கி.மீ., 2020 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன்னால் குளிர்காலத்தில் லாஹௌலுக்குச் சாலை வழியே போகவே முடியாது, ரோதாங் கணவாய் மூடிக் கிடக்கும். 2022 மார்ச்சில் அதே சிஸ்ஸுவில் பனி மாரத்தான் நடத்தினார்கள். 2023 பிப்ரவரியில் லடாக்கில் உறைந்த பாங்காங் ஏரிமேல் 21 கி.மீ. ஓட்டம் நடந்தது. குல்மர்க்கில் 2020-ல் நடந்த முதல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியில் ஸ்னோஷூவும் இருந்தது. நம் நாட்டிலேயே இவ்வளவு இருக்கும்போது ராத்திரி பஸ் ஏறி, ஓடிவிட்டு, மறுநாள் ராத்திரி பஸ்ஸில் திரும்பி, திங்கட்கிழமை ஆபீஸ் போய்விடலாமே?

க்ரீன்பார்க் டாக்டர்

தம்பி, ஊரைச் சொன்னது சரி. பஸ் கணக்குத்தான் ஆபத்து.

தில்லி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரை ஒட்டி. மணாலி ஏறக்குறைய 2,000. சிஸ்ஸு 3,000-க்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதம்தான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. 2,500 மீட்டருக்கு மேலே போனாலே மலைநோய் யாருக்கும் வரலாம். நன்றாக ஓடுகிறவருக்கு வராது என்பதெல்லாம் இல்லை. சொல்லப்போனால் உடல் பலம் உள்ளவர்கள்தான் முதல் நாளே வேகமாக ஓடி மாட்டிக்கொள்கிறார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் மேலே ஏறக் கூடாது, ஓடவும் கூடாது. தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும். மணாலியில் இரண்டு இரவு தங்குங்கள். பிறகு சிஸ்ஸுவில் ஓர் இரவு, நடை மட்டும். அதற்கப்புறம் ஓடுங்கள். லீவு இல்லையென்றால் அந்த வருடம் போகாதீர்கள். மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் நேரில் கேளுங்கள், இங்கே யாரும் அளவு சொல்ல வேண்டாம்.

மீனா போகும் ஃபோண்டோ 1,000 மீட்டரை ஒட்டித்தான். உயரத்தைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை, குளிரைப் பற்றி மட்டும் பட்டால் போதும்.

கறுப்புக் கண்ணாடி எல்லாருக்கும் கட்டாயம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். வெயில் தணிவாகத் தெரியும், அன்று ராத்திரி கண்ணில் மணல் கொட்டினாற்போல் எரியும். மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் சன்ஸ்க்ரீன் தடவுங்கள், கதிர் கீழேயிருந்தும் வருகிறது.

கரோல்பாக் தம்பி

நன்றி டாக்டர். இரண்டு இரவு என்பதைக் குறித்துக்கொண்டேன். பிப்ரவரியில் லீவு சேர்த்துப் போட்டுப் போகிறேன்.

லோதி ரோடு டீச்சர்

ஸ்னோஷூ என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளோடு வேலை செய்பவள். இந்த ஓட்டம் சிறப்பு ஒலிம்பிக் குளிர்கால விளையாட்டுகளில் முறையான போட்டி என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. 25 மீட்டரிலிருந்து தொடங்கி 100, 200, 400, 800 என்று போகும், தொடர் ஓட்டமும் உண்டு. 2025 மார்ச்சில் இத்தாலியின் டூரினில் நடந்த போட்டிகளில் இந்திய அணி மொத்தம் 33 பதக்கம் வாங்கியது, ஸ்னோஷூவிலும் நம் பிள்ளைகள் பதக்கம் வாங்கினார்கள். செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்து போனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பனியே பார்க்காத ஊர்களிலிருந்து வருகிறவர்கள் ஸ்னோஷூவை மாட்டிக்கொண்டு புல்லிலும் மணலிலும்தான் பழகுகிறார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பையனுக்குப் பட்டையை இறுக்கக் கற்றுக்கொடுத்தது ஓடக் கற்றுக்கொடுத்ததைவிடப் பெரிய வேலை. முன்பாதப் பட்டை, பிறகு விரல் பக்கம், கடைசியில் குதிகாலைச் சுற்றி வருவது. வரிசை மாறினால் முதலிலிருந்து. அவன் அதை வாயால் சொல்லிக்கொண்டே செய்வான். கடைசியில் யார் உதவியும் இல்லாமல் மாட்டி எழுந்து நின்றபோது, அவன் அம்மா எழுந்து வந்து அந்தப் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் போட்டிகளில் முதலில் ஒரு சுற்று ஓடவிட்டு, ஏறத்தாழ ஒரே திறமை உள்ளவர்களைத் தனித்தனிப் பிரிவாகப் பிரிப்பார்கள். பதக்கம் அந்தப் பிரிவுக்குள்தான். வேகமான பிள்ளையும் மெதுவான பிள்ளையும் அவரவர்க்கு ஈடானவரோடு உண்மையாகப் போட்டி போடலாம். மீனா, நீங்கள் ஓடிவிட்டு வந்தபின் ஒரு சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளிடம் வந்து பேச முடியுமா? கேட்டுக் கேட்டு மகிழ்வார்கள்.

மயூர்விஹார் மீனா

டீச்சரம்மா, கட்டாயம் வருகிறேன். பட்டை மாட்டும் வரிசையை இப்போதே குறித்துக்கொண்டேன்.

அகிலா அக்கா சொன்ன பயிற்சிகளைத் தொடங்கிவிட்டேன். இடுப்பின் வெளிப்பக்கம் இவ்வளவு பலவீனம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனால் காற்று? இன்று ஆனந்த் விஹாரில் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டிவிட்டது. முகமூடி போட்டுக்கொண்டு ஓடலாம் என்கிறார்கள் எங்கள் குழுவில்.

யமுனா காதர்

நானும் என்95 போட்டு ஓடுகிறவன்தான். மெதுவாகப் போனால் சமாளிக்கலாம். வருடத்தில் மூன்று மாதம் வீட்டுக்குள்ளே உட்கார முடியுமா?

க்ரீன்பார்க் டாக்டர்

இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் 201-லிருந்தே ‘மோசம்’, 301-லிருந்து ‘மிக மோசம்’, 401-க்கு மேல் ‘கடுமை’. சும்மா உட்கார்ந்திருப்பவரைப் போலப் பல மடங்கு காற்றை ஓடுகிறவர் உள்ளே இழுக்கிறார், அதுவும் வாய் வழியாக. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் முகமூடி ஓரத்தில் விலகும், வியர்வையில் நனையும், கடைசியில் எல்லாரும் மூக்குக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். தினமும் என் கிளினிக்குக்கு இருமலோடு வருகிறவர்களில் காலை ஓட்டக்காரர்களும் இருக்கிறார்கள்.

200-க்கு மேலே போனால் வெளியே கடினமான பயிற்சி வேண்டாம். நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு எந்தப் பந்தயத்துக்குத் தயாராகிறோம்? ட்ரெட்மில்லில் சரிவை 8, 10 சதவீதம் என்று ஏற்றி வேகமாக நடந்தால் ஸ்னோஷூவுக்கு வேண்டிய தசைதான் வேலை செய்யும். வீட்டுப் படிக்கட்டிலும் செய்யலாம், ஜன்னலை மூடிவிட்டு. மழை பெய்தோ காற்று அடித்தோ குறையும் நாளில் வெளியே ஓடுங்கள்.

அகிலா பிசியோ

டாக்டர் சொல்வதை நானும் வழிமொழிகிறேன். ட்ரெட்மில்லில் கைப்பிடியைப் பிடிக்காமல் நடக்க வேண்டும். பிடித்தால் பாதி வேலையைக் கை வாங்கிக்கொள்ளும்.

மயூர்விஹார் மீனா (டிசம்பர் நடுவில்)

ஒரு செய்தி சொல்ல வந்தேன். இத்தாலிக்கு முன்னால் ஒருமுறையாவது பனியை மிதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நானும் என் தோழியும் போய் வந்தோம். டாக்டர் சொன்னபடியே மணாலியில் இரண்டு இரவு, சிஸ்ஸுவில் ஓர் இரவு. மணாலியில் ஒரு ஸ்கீ கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்ததால் ஸ்னோஷூ கிடைத்தது. ஓட்டத்துக்கானது இல்லை, பெரியது, கனமானது.

இந்த முறை பனி குறைவு. சிஸ்ஸுவில் வெயில் படாத சரிவுகளில்தான் ஓட வாகான அளவுக்குக் கிடந்தது. முதலில் காலை அகட்டத் தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று மிதித்து உட்கார்ந்துவிட்டேன், கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. ஏறும்போது முன்பாதத்தை அழுத்தினால் பற்கள் கடித்துப் பிடிப்பது ஷூ வழியாகவே தெரிகிறது, ‘கறுக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வராத அடி வழுக்கும். இறங்கும்போது பயத்தில் பின்னால் சாய்ந்தால் இன்னும் மோசம், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி எடையைப் பாதத்தின் நடுவில் வைத்தால் சறுக்கிக்கொண்டே சுகமாக இறங்கலாம்.

எதிர்பாராத தொல்லை கைதான். தடித்த கையுறையோடு கொக்கியை மாட்ட முடியவில்லை, கழற்றினால் விரல் உணர்ச்சி போய்விடுகிறது. பட்டையின் ஓட்டையில் பனி உறைந்து அடைத்துக்கொண்டது. தோழி வாயால் ஊதி இளக்கினாள், அது மறுபடி உறைந்தது. கடைசியில் சாவியால் குத்தி எடுத்தோம். இதற்கு வழி உண்டா?

அண்ணா சொன்னது முழு உண்மை. கடிகாரத்தை ஜாக்கெட் கைக்குள் தள்ளிவிட்டு, பேசிக்கொண்டே ஓடமுடிகிற அளவில் வைத்தேன். அப்படிப் போனபோதுதான் நிற்காமல் ஓட முடிந்தது.

மலைமந்திர் படிக்கட்டு

சபாஷ் மீனா! உள்ளே மெல்லிய கையுறை, மேலே விரல் பிரியாத தடித்த உறை. கொக்கி மாட்டும்போது மேல் உறையை மட்டும் கழற்றினால் போதும். பட்டையை அறையிலேயே ஷூவோடு பொருத்தி அளவு பார்த்து, சரியான ஓட்டைக்கு நேரே மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். களத்தில் தேட வேண்டியதில்லை. மாட்டியதும் மிச்சமிருக்கும் பட்டை நுனியை உள்ளே சொருகுங்கள், தொங்கினால் மற்றொரு கால் அதை மிதிக்கும். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்குங்கள், பனி புகுந்ததும் பட்டை தளரும். கோட்டில் போய் நிற்பதற்கு முன்னாலேயே இந்தச் சிறு ஓட்டத்தை முடித்துவிட வேண்டும்.

சொந்தமாக வாங்காதீர்கள். அங்கேயே முன்கூட்டி வாடகைக்குச் சொல்லுங்கள், ஓட்டத்துக்கான சிறிய வகை வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் நடப்பவர்களுக்கான பெரிய பிளாஸ்டிக் வகையைக் கொடுத்துவிடுவார்கள். அக்காவை விட்டுப் பேசச் சொன்னால் உத்தமம்.

க்ரீன்பார்க் டாக்டர்

மீனா, ஒன்று யாரும் சொல்லவில்லை. இத்தாலியில் போட்டிப் பிரிவில் ஓட மருத்துவச் சான்றிதழ் கேட்கக்கூடும். அங்கே போட்டியாக ஓடும் பந்தயங்களுக்கு அது வழக்கம். நடப்பவர்கள் பிரிவுக்கு வேண்டியதில்லை. நீங்கள் ஓட வேண்டும் என்கிறீர்கள், ஆகவே அமைப்பாளர்களுக்கு இன்றே மின்னஞ்சல் எழுதி, வெளிநாட்டவருக்கு எந்தப் படிவம், எந்தெந்தப் பரிசோதனை என்று கேளுங்கள். ஓய்விலும் உழைப்பிலும் எடுத்த இசிஜி கேட்க வாய்ப்பு அதிகம். கடைசி வாரத்தில் அலையாதீர்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது.

மயூர்விஹார் மீனா

நல்ல வேளை சொன்னீர்கள் டாக்டர். மின்னஞ்சல் இப்போதே போய்விட்டது, அக்கா இத்தாலியனில் எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை ட்ரெட்மில் இசிஜிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

கரோல்பாக் தம்பி

அக்கா, அந்த மணாலிக் கடைக்காரரின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பிப்ரவரிக்குச் சொல்லி வைக்கிறேன். எனக்கு 9-ஆம் அளவு ஷூ, எந்த ஸ்னோஷூ பொருந்தும் என்றும் கேட்க வேண்டும்.